மலையக வீட்டில் சிங்க் மிக்சரை நாமே மாற்றுவது: விவாத இழை

ஹட்டன் வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுச் சமையலறை சிங்க்கில் உள்ள ஒற்றைக் கைப்பிடி மிக்சர் (வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் குழாய்) இரவில் விடாமல் சொட்டுகிறது. பகலில் பெரும்பாலும் சொட்டுவதில்லை. குழாயின் அடிப்பாகமும் தளர்ந்து, கைப்பிடியைத் தூக்கும்போதெல்லாம் முழுக் குழாயும் சேர்ந்து அசைகிறது. குளிர்நீர், மேட்டில் உள்ள ஊற்றிலிருந்து பல வீடுகளுக்குப் பொதுவாக இறங்கும் லைனிலிருந்து நேரடியாக வருகிறது. வெந்நீர் கீசரிலிருந்து வருகிறது, அந்தக் கீசருக்கான தண்ணீர் சிலப்பின் (கொங்கிரீட் கூரையின்) மேல் வைத்திருக்கும் தாங்கியிலிருந்து இறங்குகிறது. கைப்பிடியை நடுவில் வைத்தால் வெதுவெதுப்பான நீர் வர வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் குளிர்நீர் மட்டுமே வருகிறது. பைப் பாஸ் (குழாய் வேலை செய்பவர்) ஒருவரைக் கூப்பிட்டேன், அவருக்கு இப்போதைக்கு நேரமில்லையாம். புதிய மிக்சரை நானே வாங்கிப் பொருத்திவிடலாமா, பொருத்தினால் இந்தக் கோளாறுகள் எல்லாம் தீருமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாவலப்பிட்டி பைப் பாஸ்:
தம்பி, பொருத்துவது கடினமான வேலையல்ல. ஆனால் நீங்கள் எழுதியவற்றில் பாதி, குழாயை மாற்றித் தீருகிற கோளாறல்ல. முதலில் இரவுச் சொட்டைப் பாருங்கள். பகலில் லைனில் உள்ள எல்லா வீட்டாரும் தண்ணீர் பிடிப்பதால் ஓட்டத்திலேயே அழுத்தத்தின் ஒரு பகுதி கரைந்துவிடும். இரவில் எல்லோரும் குழாயை மூடியபின், மேலே உள்ள ஊற்றுத் தொட்டிக்கும் உங்கள் சிங்க்குக்கும் இடையிலான முழு உயரத்தின் அழுத்தமும் உங்கள் குழாயின் மீது வந்து நிற்கும். கைப்பிடிக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருந்தால், பகலில் தாங்கும், இரவில் தாங்காது. அதனால் புதிய குழாய் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், தண்ணீரை அடைத்துவிட்டுக் கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பாருங்கள். கைப்பிடியில் சிவப்பும் நீலமும் கலந்த சின்ன மூடி இருக்கும். அதை மெல்ல நெம்பி எடுத்தால் உள்ளே ஒரு திருகாணி தெரியும், சின்ன அலன் கீயால் அது கழன்றுவிடும். அதற்குக் கீழே குமிழ் போன்ற மூடி, அதற்குக் கீழே பித்தளை நட், அதற்கும் கீழே கார்ட்ரிட்ஜ். சிங்க் மிக்சர்களில் பெரும்பாலும் 35 அல்லது 40 மில்லிமீற்றர் விட்டமுள்ளதுதான் இருக்கும். ஆனால் அளவை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். அடியில் உள்ள முளைகளின் இடமும் உயரமும் குழாய்க்குக் குழாய் மாறும் என்பதால் பழையதையே கையோடு எடுத்துக்கொண்டு ஹாட்வெயார் கடைக்குப் போங்கள்.

தலவாக்கலை டீச்சர்:
பாஸ் அண்ணன் சொல்வது சரிதான், இருந்தாலும் ஒரு விடயத்தில் நான் மாறுபடுகிறேன். அடிப்பாகம் அசைகிற குழாய்க்குக் கார்ட்ரிட்ஜ் மட்டும் மாற்றினாலும், எப்படியும் சிங்க்குக்கு அடியில் புகுந்து நட்டை இறுக்கியாக வேண்டும். அங்கே புகுந்தபின் முதலில் பார்க்க வேண்டியது, குழாயிலிருந்து இறங்கும் இரண்டு நெளிவுக் குழாய்களைத்தான். வெளியே தெரியும் எஃகுப் பின்னலில் துரு பிடித்திருந்தால், அல்லது பின்னல் ஓரிடத்தில் புடைத்திருந்தால், உள்ளே உள்ள ரப்பர் குழாயின் காலம் முடிந்துவிட்டது என்று பொருள். அது வெடித்தால் சொட்டோடு நிற்காது. நாம் வீட்டில் இல்லாத நேரமாக இருந்தால் சமையலறையே குளமாகிவிடும். குழாயின் உடலையும் பாருங்கள். முலாம் கொப்புளமாக எழும்பி உரிந்து, உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் அது துத்தநாகக் கலவை. அதற்குள் புதிய கார்ட்ரிட்ஜைப் போடுவது வீண் செலவு. பித்தளை உடலாக இருந்தால் மட்டும் பாஸ் அண்ணன் சொன்ன வழியில் போங்கள்.

ஹட்டன் வாசி:
மிக்க நன்றி. பார்த்தேன். முலாம் அடிப்பாகத்தில் உரிந்திருக்கிறது, உள்ளே சாம்பல் நிறம்தான். வெந்நீர்ப் பக்கத்து நெளிவுக் குழாயின் பின்னல் கீழ் முனையில் துருவேறி இருக்கிறது. எனவே புதியது வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கண்டி பொறியியலாளர்:
வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டின் இரண்டு அழுத்தங்களையும் கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நடுவில் வைத்தால் வெந்நீர் வருவதில்லை என்று நீங்கள் எழுதியதன் காரணம் அங்கேதான் இருக்கிறது. தண்ணீரின் உயரம் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தரும். ஊற்றுத் தொட்டி உங்கள் சிங்க்கை விட 40 மீற்றர் மேலே இருந்தால், குளிர்நீர் இரவில் 4 பார் அழுத்தத்தில் நிற்கும். சிலப்பின் மேல் உள்ள தாங்கியில் நீர்மட்டம் சிங்க்கை விட 3 மீற்றர் உயரத்தில் இருந்தால், கீசர் வழியாக வரும் வெந்நீருக்கு 0.3 பார் மட்டுமே. இந்த இரண்டும் மிக்சருக்குள் ஒரே அறையில் சந்திக்கும்போது, பலமான பக்கம் பலவீனமான பக்கத்தை வாயிலேயே அடைத்துவிடுகிறது. கீசரின் நுழைவாயிலில் திரும்பா வால்வு இல்லையென்றாலோ பழுதாகியிருந்தாலோ, குளிர்நீர் வெந்நீர்க் குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறித் தாங்கியை நிரப்பி வழியவும் செய்யும். காரணம் தெரியாமல் தாங்கி நிரம்பி வழியும் வீடுகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான். ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த மிக்சரை வாங்கினாலும் இந்தக் கோளாறு அப்படியே இருக்கும்.

வாங்கும்போது பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைத் தேடுங்கள். ஒற்றைக் கைப்பிடி மிக்சர்கள் பலவற்றுக்கு 0.5 முதல் 1 பார் வரை தேவை. உங்கள் தாங்கிக்கு அது எட்டாது. குறைந்த அழுத்தத்துக்கு ஏற்றது என்று தனியாகக் குறிப்பிட்டவற்றில் உள்வழி அகலமாக இருக்கும்.

பண்டாரவளை சமையற்கட்டு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் கீசர் இல்லை, குளியலறையில் உடனடியாகச் சூடாக்கும் ஷவர் ஹீட்டர் இருக்கிறது. சுவருக்கு மறுபக்கம்தான் சமையலறை. அதன் வாயிலிருந்து ஒரு குழாயை இழுத்து மிக்சரின் வெந்நீர்ப் பக்கத்தில் கொடுத்துவிடலாமா?

நாவலப்பிட்டி பைப் பாஸ்:
கூடவே கூடாது, தங்கச்சி. ஷவர் ஹீட்டர் என்பது வாய் எப்போதும் திறந்திருக்க வேண்டிய வகை. தண்ணீரை அடைக்கும் வால்வு அதன் நுழைவுப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். வெளியேறும் பக்கத்தில் மிக்சரை வைத்து மூடினால், உள்ளே உள்ள சின்னப் பாத்திரத்தின் மீது லைனின் முழு அழுத்தமும் வந்து அமரும். சூடும் சேரும்போது அது வெடிக்கவும் கூடும், அது மின்சாரம் ஓடுகிற பெட்டி என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பல குழாய்களுக்குக் கொடுக்கலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கும் உடனடி ஹீட்டர்கள் தனியாக இருக்கின்றன. அவற்றை மட்டுமே மிக்சரோடு இணைக்கலாம், அதற்கும் தனி வயரும் ட்ரிப் சுவிட்ச்சும் மின்வேலை தெரிந்தவர் போட்டுத் தர வேண்டும். இன்னொன்று: வெந்நீருக்கு வெள்ளை நிற சாதாரண பிவிசி குழாயை இழுக்காதீர்கள். அது சூட்டில் இளகி மூட்டுகளில் விட்டுவிடும். சூட்டைத் தாங்கும் சிபிவிசி அல்லது பிபிஆர் குழாய் போடுங்கள்.

லிந்துலை இளைஞன்:
எங்கள் வீட்டில் குளிர்நீர் மட்டும்தான், ஆனாலும் அம்மாவுக்கு மிக்சரின் உயரமான வளைந்த கழுத்துப் பிடித்திருக்கிறது. வெந்நீர்ப் பக்கத்தைச் சும்மா விட்டுவிடலாமா?

தலவாக்கலை டீச்சர்:
சும்மா விட்டால், கைப்பிடியை நடுவுக்குத் திருப்பியதும் உள்ளே வரும் நீரில் ஒரு பகுதி அந்தத் திறந்த குழாய் வழியாக அலுமாரிக்குள் கொட்டும். ஒன்று, அதன் முனையை மூடி போட்டு அடைக்க வேண்டும். அல்லது குளிர்நீர் வாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு இரண்டு நெளிவுக் குழாய்களையும் அதிலேயே இணைக்க வேண்டும், அப்போது கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் தண்ணீர் வரும். உண்மையைச் சொன்னால், குளிர்நீருக்கு மட்டும் என்றே வளைந்த கழுத்தோடு ஒற்றைக் குழாய்கள் கிடைக்கின்றன. விலையும் குறைவு, கெட்டுப்போக உள்ளே அதிகமாக ஒன்றும் இல்லை. அம்மாவிடம் அதைக் காட்டிப் பாருங்கள்.

ஹட்டன் வாசிக்கு: வேலையின் வரிசையை எழுதுகிறேன், எங்கள் வீட்டில் நானே செய்ததால் தைரியமாக எழுதுகிறேன். முதலில் கீசரின் சுவிட்ச்சை அணைத்துவிடுங்கள், மூடிய வெந்நீர் லைனோடு அது சூடேறிக்கொண்டிருக்கக் கூடாது. பிறகு சிங்க்குக்கு அடியில் சுவரில் உள்ள இரண்டு ஆங்கிள் வால்வுகளையும் மூடி, மேலே குழாயைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் குளிர்நீருக்கு வெளியே லைனில் உள்ள கேட் வால்வையும், வெந்நீருக்குத் தாங்கியின் வாயில் உள்ளதையும் மூட வேண்டும். அலுமாரியை முழுமையாகக் காலி செய்யுங்கள். மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே இருக்கும் நட்டைத் தொடும் வேலை என்பதால் பழைய தலையணை ஒன்று தேவைப்படும், கண்ணில் துரு விழாமல் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள்.

நெளிவுக் குழாய்களைக் கீழ் முனையில் கழற்றும்போது ஆங்கிள் வால்வை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் திருப்ப வேண்டும். உள்ளே தங்கிய நீர் கொஞ்சம் ஊற்றும், ஒரு தாச்சியை அடியில் வைத்தால் போதும். அடுத்தது, குழாயைச் சிங்க்கோடு பிடித்து வைத்திருக்கும் நட். பல மிக்சர்களில் லாட வடிவ உலோகத் தகடும், அதைத் தாங்கும் ஒன்று அல்லது இரண்டு நீண்ட மரையாணிகளும் இருக்கும். அவற்றின் நட்டுக்கு நீளமான பொக்ஸ் ஸ்பனர் வேண்டும், பெரும்பாலும் 11 முதல் 13 மில்லிமீற்றருக்குள் அடங்கும். துருப்பிடித்துத் திரும்ப மறுத்தால் துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். அப்போதும் மறுத்தால் ஹெக்ஸோ பிளேடின் துண்டு ஒன்றால் மரையாணியை அறுத்துவிடலாம். பழையது இனித் தேவையில்லை.

சிங்க்கின் துளை 35 மில்லிமீற்றர்தானா என்பதைக் கடைக்குப் போகும் முன்பே அளந்துவிடுங்கள், அநேக மிக்சர்கள் அந்த அளவுக்கே செய்யப்படுகின்றன. துளையைச் சுற்றிப் படிந்த அழுக்கை முழுமையாகச் சுரண்டித் துடைத்தபின், புதிய குழாயை உள்ளே இறக்கும் முன்பே நெளிவுக் குழாய்களை அதன் அடியில் மாட்டிவிட வேண்டும். ஒன்றின் முனை குட்டையாகவும் மற்றதன் முனை நீளமாகவும் இருக்கும். குட்டையை முதலில் மாட்டினால்தான் இரண்டாவதற்கு விரல் போக இடமிருக்கும். அந்த முனையில் ஓ வடிவ ரப்பர் வளையம் இருப்பதால் கையால் இறுக்குவதே போதும், ஸ்பனர் போட்டால் வளையம் நசுங்கிவிடும். குழாயின் அடிக்கும் சிங்க்குக்கும் இடையில் வரும் ரப்பர் வளையத்தை மறக்காதீர்கள். அது இல்லையென்றால் சிங்க்கின் மேல் சிந்தும் நீர் துளை வழியாக அலுமாரிக்குள் இறங்கும். உங்களுடையது மெல்லிய எஃகுச் சிங்க் என்றால், குழாய் அசைந்ததற்கு நட் மட்டும் காரணமாக இருக்காது, தகடே வளைந்து கொடுத்திருக்கும். பெட்டியில் முக்கோணப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று வந்திருந்தால் அது அடியில் வைத்து இறுக்குவதற்குத்தான், பலர் அது எதற்கென்று தெரியாமல் வீசிவிடுகிறார்கள். தட்டு இல்லையென்றால் ஒட்டுப்பலகைத் துண்டில் துளை போட்டு வைத்துக்கொள்ளலாம்.

வெந்நீர் இடப்பக்கம், குளிர்நீர் வலப்பக்கம். நெளிவுக் குழாய்கள் முறுக்கேறாமலும் கூரிய வளைவாக மடங்காமலும் இருக்க வேண்டும். கீழ் நட்டைக் கையால் முடிந்தவரை இறுக்கியபின் ஸ்பனரால் கால் சுற்று மட்டும் கொடுங்கள்.

நாவலப்பிட்டி பைப் பாஸ்:
டீச்சர் எங்கள் பிழைப்பில் கை வைக்கிறார், ஆனாலும் எழுதியதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆங்கிள் வால்வுக்கு இந்தப் பக்கம் இருப்பது எல்லாம் உங்களுடைய வேலை, அந்தப் பக்கம் இருப்பது எங்களுடையது. வால்வு பழையதாக இருக்கிறதே என்று அதையும் சேர்த்துச் சுவரிலிருந்து திருகி எடுக்கப் பார்க்காதீர்கள். சுவருக்குள் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் எல்போ (வளைவு இணைப்பு). பித்தளை மரை வருடக்கணக்கில் அதற்குள் இறுகியிருக்கும். நீங்கள் திருகும்போது வால்வோடு சேர்ந்து எல்போவும் திரும்பினால் சுவருக்குள் விரிசல் விழும், பிறகு டைல் உடைக்காமல் சரிசெய்ய வழியில்லை. வால்வு மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

த்ரெட் சீல் டேப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிள் வால்வைச் சுவரில் மாட்டும்போது மரைக்கு டேப் வேண்டும். நெளிவுக் குழாயின் நட்டுக்குள் தட்டையான ரப்பர் வொஷர் இருக்கிறது, அங்கே அடைப்பது வொஷர்தான், மரை அல்ல. அங்கே டேப் சுற்றினால் நட் முழுமையாக உட்காராமல் கசியத் தொடங்கும்.

கண்டி பொறியியலாளர் சொன்ன அழுத்தக் கணக்குக்கு என்னுடைய தீர்வு வேறு. ஊற்று லைனையே கீசருக்கும் கொடுத்துவிடு என்று சிலர் சொல்வார்கள். நான் அதைச் செய்வதில்லை.

கண்டி பொறியியலாளர்:
ஏன் கூடாது? வீட்டுக்கு நுழையும் இடத்தில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் போட்டு 2 பார் அளவில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து கீசருக்கும் சிங்க்குக்கும் பிரித்தால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். கீசரின் பாதுகாப்பு வால்வு சரியாக இருக்க வேண்டும், தாங்கக்கூடிய அழுத்தத்தை அதன் உடலில் ஒட்டியிருக்கும் தகட்டில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நாவலப்பிட்டி பைப் பாஸ்:
கணக்கில் சரி, சேர். எங்கள் பக்கம் தை மாசி மாதங்களில் ஊற்று மெலியும்போது லைனில் நாளில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். லைன் நின்றால் கீசர் நிறைய வெந்நீர் இருந்தும் அதைத் தள்ளிவிட அழுத்தம் இருக்காது. அதனால் எனக்குத் தாங்கியே வேண்டும். ஆனால் தாங்கியை ஏன் சிலப்பின் மேலேயே வைக்க வேண்டும்? நம் வீடுகளுக்குப் பின்னால் மேடு இருக்கிறதே! கொழும்பில் இருப்பவன் தாங்கியை உயர்த்த இரும்புக் கோபுரம் கட்ட வேண்டும், நமக்குப் பின்வாசலில் ஏறினாலே போதும். சிங்க்கை விட 8 மீற்றர் மேலே உறுதியான தரையை வெட்டிச் சமன்செய்து, கொங்கிரீட் போட்டுத் தாங்கியை வைத்து, கீசரையும் சிங்க்கையும் அதிலிருந்தே எடுத்தால் இரண்டு பக்கமும் 0.8 பார். லைன் தாங்கியை மட்டும் நிரப்பட்டும், மிதவை வால்வு அதைப் பார்த்துக்கொள்ளும். இரவு அழுத்தமும் மிக்சருக்கு வராது. ஆனால் மண் சரியக்கூடிய விளிம்பில் வைக்காதீர்கள். 1000 லீற்றர் தாங்கி நிறைந்தால் தண்ணீர் மட்டும் ஒரு தொன் எடை.

கண்டி பொறியியலாளர்:
இடம் உறுதியாக இருந்தால், ஒப்புக்கொள்கிறேன்.  தாங்கி தூரமாகப் போவதால் இறங்கும் குழாயை அரை அங்குலத்தில் போடாமல் முக்கால் அல்லது ஒரு அங்குலத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் கிடைத்த உயரத்தைக் குழாயின் உராய்வே தின்றுவிடும்.

ஹட்டன் வாசி:
குழாயை மாற்றிவிட்டேன். டீச்சர் எழுதிய வரிசைப்படியே செய்தேன், அசைவு முற்றாக நின்றுவிட்டது. தாங்கியை மேட்டுக்கு மாற்றும் வேலையை மழைக்கு முன் முடிக்க எண்ணியிருக்கிறேன். இப்போது வெந்நீர்ப் பக்கத்துக் கீழ் நட்டில் மட்டும் மிக மெல்லிய ஈரம் தெரிகிறது. இன்னும் இறுக்கலாமா?

தலவாக்கலை டீச்சர்:
இறுக்காதீர்கள், கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் வொஷர் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், அல்லது ஆங்கிள் வால்வின் வாயில் பழைய வொஷரின் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தடவினால் தெரியும். துடைத்து நேராக வைத்து மாட்டியபின், மூட்டைச் சுற்றிப் பழைய நாளிதழ்த் தாளை மடித்துக் கட்டிவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரு துளி கசிந்தாலும் தாளில் கறையாகத் தெரியும். கையால் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை, குளிர்நீர்க் குழாய் வியர்த்திருப்பதையும் கசிவென்று நினைத்துவிடுவோம்.

ஹட்டன் வாசி:
நீங்கள் சொன்னபடியே பழைய வொஷரின் துண்டுதான். எடுத்ததும் தாள் காய்ந்தபடி இருந்தது. ஆனால் நேற்றுப் பெய்த மழைக்குப் பிறகு ஓட்டம் பாதியாகிவிட்டது. புதிய குழாய்க்கு அதற்குள் என்ன ஆயிற்று?

பண்டாரவளை சமையற்கட்டு:
கழுத்தின் நுனியில் உள்ள வலையைக் கழற்றிப் பாருங்கள், அதில் மணலும் இலைத் துகளும் அடைத்திருக்கும். ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் ஊரில் இது வழக்கமான வேலை. உங்கள் பக்கம் வைகாசியில் தொடங்கிவிடும் என்று நினைக்கிறேன். கழற்றியபின் வலை இல்லாமலே குழாயை முழுமையாகத் திறந்து சற்று நேரம் ஓடவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

திகன வாசகர்:
எங்கள் பகுதியில் நிலத்தடியில் சுண்ணப்பாறை இருப்பதால் கிணற்று நீரில் வலை வெள்ளையாகக் கெட்டிப்பட்டு அடைக்கும். அதற்கு வினாகிரியில் ஊறவைக்க வேண்டும். உங்கள் ஊற்று நீர் மென்மையானது, வெறும் தூரிகையால் தேய்த்தால் போதும்.

நாவலப்பிட்டி பைப் பாஸ்:
வலையில் நிற்கிற மணல் பரவாயில்லை, வலைக்கு முன்பே கார்ட்ரிட்ஜின் பீங்கான் தட்டுகளுக்கு இடையில் சிக்குகிற மணல்தான் அவற்றைக் கீறிச் சொட்டை உண்டாக்குகிறது. தாங்கியை மேட்டுக்கு மாற்றும்போது, வெளியேறும் குழாயைத் தாங்கியின் அடித்தளத்தை விடச் சற்று மேலே எடுங்கள், வண்டல் அடியில் தங்கட்டும். அதைக் கழுவிவிட அடியில் தனியாக ஒரு வாய் வையுங்கள். வெளியேறும் கேட் வால்வுக்குப் பிறகு, கீசருக்குப் பிரியும் டீக்கு முன்பாக, ஒரு Y வடிவ வடிகட்டி போடுங்கள். டீக்குப் பின்னால் சிங்க்கின் பக்கம் மட்டும் போட்டால் கீசர் வழியாக மணல் வந்துகொண்டேதான் இருக்கும். அதன் உடலில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும், வலை உள்ள கால் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அதைக் கழற்றி எடுக்கத் தரைக்கு மேலே ஒரு சாண் இடமும் விடுங்கள்.